அத்தா வீட்டு நெருப்பு

ஷஃபியுல்லா கொரியாவிலிருந்து திரும்பியபோது செங்கல்பட்டில் பாதி ஊர் அவனைக் கம்யூனிஸ்டுகளுக்கு ஊழியம் செய்தவன் என்றது. மீதி ஊர் அமெரிக்கர்களுக்குக் கைகட்டி நின்றவன் என்றது. அவன் அங்கே செய்தது காயம் கட்டும் வேலை. சண்டை நின்ற பிறகு, சொந்த ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று அடம்பிடித்த இரு தரப்புக் கைதிகளையும் நடுவில் வைத்துக் காவல் காக்க நம் படை கப்பலேறிப் போனதல்லவா, அந்தப் படையின் கூடார ஆஸ்பத்திரியில் அவன் டிரெஸ்ஸராக இருந்தான். இரண்டு தரப்பிலும் அவன் மேல் கல் எறிந்திருக்கிறார்கள். வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. எந்தப் பக்கத்துக் கல் என்று யாராவது கேட்டால், "கல்லு மேல எழுதியா வெச்சிருக்காங்க" என்று சிரித்துவிடுவான்.

ஷஹர்பானு அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் அவனுக்குச் சம்மதம் சொன்னாள் என்று அவளுடைய தோழிகள் கேலி செய்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கடப்பாக்கத்துக் கருவாட்டு வியாபாரி அப்துல் கையூமின் ஒரே மகள் அவள். அத்தாவுக்கு மதுராந்தகத்தில் நெல் மண்டி வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை மேல்தான் கண். மகள் பிடிவாதம் பிடித்து டிரெஸ்ஸரைக் கட்டிக்கொண்டாள். கையூம் பாய் நிக்காஹ் முடிந்த அன்றே சமாதானமாகிவிட்டார். மகளிடம் நீண்ட நேரம் கோபமாக இருக்க அவருக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் புருஷனிடம் கேட்டாள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று உங்களுக்கு ஓர் எண்ணம் இருந்திருக்குமே? இருந்தது என்றான் அவன். இப்போதும் இருக்கிறது. ஆனால் கூடாரத்துக்குள் போகும்போது அதைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போவேன் என்றான். ஒரே பாஷை பேசி, ஒரே சோறு தின்று, ஒருவரையொருவர் கழுத்தறுத்துக்கொண்ட ஜனங்கள் அவர்கள். காயம் கட்ட வருபவனின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவன் எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறான் என்பதைத்தான் பார்ப்பார்கள் என்றான். அவளுக்கு அது அப்போது முழுதாகப் புரியவில்லை.

அடுத்த வருஷம் சித்திரையில், நோன்பு பிறந்த சமயம், கடலோரத்தில் வாந்திபேதி கண்டது. மற்ற குப்பங்களில் ஊசி போட்டு அடக்கிவிட்டார்கள். ஆலம்பரையின் இடிந்த கோட்டைக்கு வடக்கே இருந்த இரண்டு குப்பங்களில் மட்டும் யாராலும் நுழைய முடியவில்லை. வடகுப்பம், தென்குப்பம் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் வெளியும் கொஞ்சம் சவுக்கு மரங்களும்தான். கரைவலை இழுக்கும் கரை யாருக்கு என்ற தகராறு முற்றி, போன பொங்கலுக்கு முன்னால் பக்கத்துக்கு ஓர் ஆள் செத்திருந்தான். அன்றிலிருந்து ஊர்க்கட்டு. இந்தக் குப்பத்துக்காரன் அந்தக் குப்பத்துக்காரனோடு பேசக்கூடாது. தண்ணீர் வாங்கக்கூடாது. நெருப்பு வாங்கக்கூடாது. சுகாதார அதிகாரி ஒருவர் வடகுப்பத்தில் காபி குடித்துவிட்டுத் தென்குப்பத்துக்குப் போனார். அங்கே ஒரு கதவும் திறக்கவில்லை.

செங்கல்பட்டில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ராஜாராம் ஒரு நிவாரணச் சங்கம் நடத்திவந்தார். அவர் ஷஃபியுல்லாவைக் கூப்பிட்டு, இது உன் கொரியாதான், நீ போ என்றார். பெண்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண்ணும் வேண்டும் என்றார். ஷஹர்பானு சங்கத்தில் கட்டுப்போடவும் ஊசியைக் கொதிக்க வைக்கவும் பழகியிருந்தாள். நானே வருகிறேன் என்றாள்.

சொல்லும்போதே அவளுக்கு ஒரு தயக்கம் இருந்தது. வடகுப்பத்துப் படகுகளுக்கெல்லாம் முன்பணம் கொடுத்து மீன் எடுப்பவர் அவளுடைய அத்தா. சண்டையின்போது அவருடைய கருவாட்டுக் கொட்டகையைத் தென்குப்பத்துக்காரர்கள் கொளுத்தினார்கள். கொளுத்தியவன் தென்குப்பத்துத் தலைவன் எல்லப்பன் என்று கையூம் பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் அவள் இதைச் சொன்னாள். நீ வேலை செய்யும் விதத்தைப் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்வார்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஷஃபியுல்லா கூடாரத்தை இரண்டு குப்பத்துக்கும் சரியாக நடுவில் அடித்தான். வாசலை வடக்கேயும் வைக்கவில்லை, தெற்கேயும் வைக்கவில்லை. கடலைப் பார்த்து வைத்தான். தண்ணீரை இரு குப்பத்துக் கிணறுகளிலும் எடுக்காமல் சாலையோரத்து ஜில்லா போர்டு கிணற்றிலிருந்து பீப்பாயில் மாட்டுவண்டியில் கொண்டுவந்தான். அரிசி செங்கல்பட்டு அரிசி. கூடாரத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி. ஷஹர்பானு அவன் பின்னாலேயே நடந்து இதையெல்லாம் பார்த்தாள். அடேயப்பா, என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு யோசனை என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் உப்பங்கழியில் வண்டி இறங்கியபோது ஒரு சக்கரம் பள்ளத்தில் சாய்ந்து, தீப்பெட்டிகள் இருந்த மூட்டை நனைந்துபோயிருந்தது. ஷஃபியுல்லா கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அடுப்பு மூட்ட நேரமாகிறதே என்று ஷஹர்பானு ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் குடிசைக்குப் போனாள். அது காசியம்மாளின் குடிசை. "அக்கா, ஒரு தணலு குடேன்" என்று கேட்டாள். காசியம்மாள் அடுப்பைக் கிளறி இரண்டு தணலை எடுத்துப் போட்டாள். கடப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணும் யோசிக்காமல் செய்கிற காரியம் அது. அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்குவார்கள். அதற்கு யாரும் தீப்பெட்டியைச் செலவு செய்வதில்லை. அந்தக் குடிசை வடகுப்பத்தின் கடைசிக் குடிசை என்பது அவள் மனத்தில் பதியவேயில்லை.

அடுப்பு எரிந்தது. தண்ணீர் கொதித்தது. ஊசிகள் கொதித்தன. வடகுப்பத்து ஜனங்கள் வந்தார்கள். காசியம்மாளின் புருஷனையே கட்டிலோடு தூக்கிவந்து படுக்க வைத்தார்கள். சாயங்காலம் கையூம் பாய் வீட்டு வேலையாள் முனிசாமி ஒரு செம்பு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தான். மகளும் மருமகனும் அதைக் குடித்து நோன்பு திறந்தார்கள்.

தென்குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. அங்கே ஒரு குழந்தை செத்துவிட்டது என்று மட்டும் செய்தி வந்தது. ஷஃபியுல்லா சவுக்கு மரங்கள் வரை போய் நின்று கூப்பிட்டுப் பார்த்தான். மரத்தடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் எல்லப்பன் வந்தான். அவனும் இன்னொருவனும் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். கட்டிலில் அவன் பெண்சாதி முனியம்மா. கண்கள் உள்ளே போய், விரல்கள் சுருங்கிக் கிடந்தாள். கட்டிலைக் கூடாரத்துக்குச் சற்றுத் தள்ளி நிழலில் இறக்கிவிட்டு எல்லப்பன் அடுப்பைப் பார்த்தான். அப்புறம் ஷஹர்பானுவைப் பார்த்தான்.

"இது எந்த வூட்டு நெருப்பும்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடியில் அவளுக்கு அது தோன்றவும் செய்தது. ஆனால் கேள்வி காதில் விழுந்தபோதே செய்த தவறும் புரிந்துவிட்டது. அதன் மேல் இன்னொன்றை ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"காசியம்மா வூட்டு நெருப்பு" என்றாள்.

எல்லப்பன் கோபப்படவில்லை. அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கொட்டாங்கச்சியோடு அவள் நடந்ததைத் தென்குப்பத்துப் பெண்கள் மரத்தடியிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். அவன் கட்டில் பக்கம் குனிந்து, குடிச்சுடு புள்ள, யாரும் கேக்க மாட்டாங்க என்று கெஞ்சினான். கட்டுப்பாடு போட்ட தலைவனே கெஞ்சினான். முனியம்மா தலையை மெல்ல ஆட்டினாள். பொங்கலுக்கு முந்தைய சண்டையில் வடகுப்பத்துக்காரர்கள் வெட்டியதில் செத்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"என் தம்பிய கொன்னவங்க வூட்டு நெருப்புல காஞ்ச தண்ணி எனக்கு வேணா" என்றாள். குரல் காற்றுபோல வந்தது. "அந்த ஊசியும் வேணா. அதுவும் அதே நெருப்புலதான வெந்துது."

ஷஃபியுல்லா மனைவியைத் திட்டுவான் என்று பார்த்தால், அவன் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். கொரியாவில் மண்ணெண்ணெய் ஸ்டவ், நெருப்பைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை என்றான். தண்ணீரை யோசித்தேன், அரிசியை யோசித்தேன், வாசலை யோசித்தேன், இதை விட்டேனே என்றான். ஷஹர்பானு பீப்பாயிலிருந்து ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். சாம்பல் புகைந்தது. கொதித்து வைத்திருந்த தண்ணீரையும் மணலில் கவிழ்த்தாள்.

அதற்குள் காசியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, நா குடுத்த நெருப்ப மூஞ்சில அடிச்சாப்பல அவிச்சுட்ட? என் வூட்டு அடுப்பு இன்னா சுடுகாடா?"

"உன் நெருப்புல ஒரு கொறையும் இல்லக்கா. கேட்டு வாங்கினது என் தப்பு. அதுல காச்சினா பாதி பேரு குடிக்க மாட்றாங்க."

"குடிக்காட்டி போவட்டும். அவுங்க குடிக்கலன்னு எங்கூட்டு ஆளு தண்ணி இல்லாம கெடக்கணுமா?"

நியாயமான கேள்வி. ஷஹர்பானு காசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் புருஷனுக்குக் காலையிலேயே உப்புத் தண்ணீர் ஏற்றியாகிவிட்டது, சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அந்தப் பெண் தாங்க மாட்டாள் என்று பொறுமையாகச் சொன்னாள். காசியம்மாள் கையை உதறிக்கொண்டு போய்ப் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "தணலு கூட கச்சி கட்டிகினு கீது இந்த ஊர்ல" என்று அவள் முணுமுணுத்ததைக் கேட்டுப் படுத்துக்கிடந்த நோயாளி ஒருவன் சிரித்துவிட்டான்.

புதுத் தீப்பெட்டி வேண்டும். ஷஃபியுல்லா கடப்பாக்கத்துக்குக் கிளம்பினான். ஷஹர்பானு அவன் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள். கடப்பாக்கம் கடைத்தெருவில் எந்தக் கடையில் வாங்கினாலும் அது அத்தாவுக்குக் கூட்டாளி கடை, இல்லாவிட்டால் சொந்தக்காரர் கடை. செய்யூருக்குப் போங்கள் என்றாள். செய்யூர் தூரம். வெயிலில் போய்த் திரும்ப சாயங்காலமாகிவிடும். ஷஃபியுல்லா முனியம்மாவைப் பார்த்தான். அப்புறம் மனைவியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். நோன்பு வாயோடுதான் போனான்.

அந்தப் பகல் நகரவேயில்லை. ஷஹர்பானு முனியம்மாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்து விசிறினாள். அதற்கு மட்டும் முனியம்மா மறுப்புச் சொல்லவில்லை. எல்லப்பன் தென்குப்பத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் வாயில் ஊற்றினான். அதுதான் நோயைக் கொடுத்த தண்ணீர் என்று ஷஹர்பானு சொன்னதும் செம்பைக் கீழே வைத்துவிட்டான். பிறகு சவுக்கு மரத்தில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி நின்றான். தென்குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தூரத்தில் உட்கார்ந்தார்கள். வடகுப்பத்தாரும் அந்தப் பக்கம் கூடினார்கள். அணைந்த அடுப்பை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய ஆரம்பித்தபோது கையூம் பாய் வந்தார். பின்னால் முனிசாமி, ஒரு கையில் கஞ்சிச் செம்பு, இன்னொரு கையில் ஓட்டால் மூடிய நெருப்புச் சட்டி. செய்தி அவர் காதுக்குப் போய்விட்டது. அவர் சண்டை போட வரவில்லை. நல்ல மனத்தோடுதான் வந்தார். நான் வடகுப்பத்தானும் இல்லை, தென்குப்பத்தானும் இல்லை, கடப்பாக்கத்துக்காரன். பெற்ற அத்தா வீட்டு நெருப்புக்கு யார் என்ன சொல்லிவிட முடியும், எடுத்து அடுப்பை மூட்டும்மா என்றார்.

ஷஹர்பானு சட்டியைப் பார்த்தாள். அவள் வீட்டுச் சட்டி. முனியம்மாவின் நாடி அவள் விரலுக்குக் கீழே நூல்போல ஓடியது. செய்யூர்ச் சாலையில் இன்னும் சைக்கிளைக் காணோம். அவள் நிமிர்ந்து எல்லப்பனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான். அந்தச் சட்டியிலிருந்து அடுப்பு எரிந்தால், கட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களும் எழுந்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கூடாரம் வடகுப்பத்துக் கூடாரம்தான்.

"வேணாம் அத்தா" என்றாள்.

கையூம் பாய்க்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னும் ஓரடி முன்னால் வந்தார்.

"இன்னா பானு, அத்தா வூட்டு நெருப்பு கூட உனக்கு ஆவாதா?"

"அந்த நெருப்புலதான் அத்தா நான் வளந்தேன். ஆனா வடகுப்பத்துப் படகு பூரா உங்க முன்பணம் கீது. உங்க கொட்டாயை எரிச்சது யாருன்னு நீங்க சொல்லிகினு கீறீங்க. அவங்க வூட்டுப் பொம்பள இந்த நெருப்புல காஞ்ச தண்ணிய எப்பிடி நம்பிக் குடிப்பா?"

"எரிச்சவன் பொஞ்சாதிக்காகவா என்ன வாசல்ல நிக்க வெக்கிற?"

"அவ யாரு பொஞ்சாதின்னு நான் பாக்கல அத்தா. அவளுக்கு மூச்சு கொறஞ்சிகினே வருது. அதத்தான் பாக்கறேன்."

இதை அவள் மெல்லத்தான் சொன்னாள். ஆனால் மணல்வெளியில் எல்லோருக்கும் கேட்டது. கையூம் பாய் முனிசாமியின் பக்கம் திரும்பி, கஞ்சியையாவது வைத்துவிட்டு வா என்றார். ஷஹர்பானுவின் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கஞ்சியின் பூண்டு வாசனையும் சீரக வாசனையும் அவள் வரைக்கும் வந்தன. நேற்று அதைக் குடித்ததும் தவறுதான் என்று இப்போது அவளுக்குப் பட்டது.

"கஞ்சியும் வேணாம் அத்தா. இங்க கூடாரம் இருக்குற வரைக்கும் யார் வூட்டுதும் வேணாம்."

கையூம் பாயின் முகம் சிறுத்துப்போயிற்று. ஊர் பார்க்க மகள் அவருடைய செம்பைத் திருப்பி அனுப்புகிறாள். அதுவும் நோன்பு திறக்கிற நேரத்தில். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"செரி. அப்போ பெருநாளைக்கும் என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். முனிசாமி சட்டியையும் செம்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

ஷஹர்பானு அழவில்லை. அழுதால் முனியம்மாவின் கையை விட வேண்டியிருக்கும். சிறிது நேரத்தில் உப்பங்கழிப் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. ஷஃபியுல்லா தீப்பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். தீப்பெட்டியை அவளிடமே கொடுத்தான். அவள் பழைய சாம்பலை வழித்துக் கொட்டி, புதுச் சுள்ளி அடுக்கி, இரண்டு ஊரும் பார்க்க ஒரு குச்சியைக் கிழித்தாள்.

தண்ணீரும் ஊசிகளும் மறுபடி கொதித்தன. தண்ணீர் ஆறியதும் உப்புப் போட்டு ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் முனியம்மாவிடம் போனாள். எல்லப்பன் பெண்சாதியின் தலையைத் தூக்கிப் பிடித்தான்.

"எந்த வூட்டு நெருப்பு?" என்று முனியம்மா கேட்டாள்.

"எந்த வூட்டுதும் இல்லக்கா. செய்யூர்ல கடையில வாங்கினது."

முனியம்மா கிண்ணத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினாள். "செய்யூரான் மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் இல்ல" என்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து காசியம்மாள் சிரித்த சத்தம் கேட்டது. ஷஃபியுல்லா ஊசியை எடுத்துவந்து பாட்டிலைத் தொங்கவிட்டு முனியம்மாவின் கையில் ஏற்றினான். கடப்பாக்கம் பள்ளிவாசலின் பாங்கு காற்றில் மெல்ல வந்தது. ஷஹர்பானு பீப்பாய்த் தண்ணீரில் ஒரு கல் உப்பைப் போட்டுக் குடித்து நோன்பு திறந்தாள். எல்லப்பன் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். அப்புறம் திரும்பி மரத்தடிப் பெண்களைப் பார்த்துக் கையசைத்தான். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முனியம்மா பிழைத்தாள். அடுத்த வாரத்துக்குள் அவளே எழுந்து உட்கார்ந்து மற்றப் பெண்களுக்கு விசிறினாள். ஷஃபியுல்லா யாரையும் குப்பம் பார்த்துப் படுக்க வைக்கவில்லை. நிலைமை மோசமானவர்கள் உள்ளே, தேறியவர்கள் வெளியே. அதனால் வடக்கும் தெற்கும் கலந்தே கிடந்தன. பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரன் வாந்தி எடுக்க எழுந்தால் ஏனத்தை நகர்த்தி வைக்கிற அளவுக்கு வந்திருந்தார்கள். சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கரை யாருக்கு என்பது அப்படியேதான் இருந்தது. செத்தவர்கள் செத்தவர்கள்தான். டாக்டர் ராஜாராம் ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அடுப்பருகே வந்து நின்றார். இனிமேல் சங்கம் எங்கே போனாலும் முதலில் நெருப்பைக் கேட்கச் சொல்கிறேன் என்று ஷஹர்பானுவிடம் சொன்னார்.

அவளுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலமானால் கண் கடப்பாக்கத்துப் பாதைக்குப் போய்விடும். கல்யாணமான பிறகும் ஒரு பெருநாளைக்குக்கூட அத்தா வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஷஃபியுல்லா ஒரு தடவை, நான் போய் மாமாவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். நாம் சமாதானம் பேசப் போனால், அங்கே நோன்பு திறக்க ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கச் சொல்வார்கள். குடிக்காவிட்டால் இன்னும் கோபம் வரும்.

கையூம் பாய்க்கு அந்த நாட்களில் கஞ்சி இறங்கவில்லை. பள்ளிவாசலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உங்கள் மகள் தினம் உப்புத் தண்ணீரில் நோன்பு திறக்கிறாளாமே என்றார்கள். அவருக்கு எரிச்சலாக வந்தது. திமிர் பிடித்தவள் என்றார். அவள் அம்மா போனதிலிருந்து நான் கொடுத்த இடம் என்றார். வீட்டுக்கு வந்து அதே வார்த்தைகளை முனிசாமியிடமும் சொன்னார். முனிசாமி எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தான்.

நோன்பு முடியும் தறுவாயில் ஒரு பிற்பகல், வடகுப்பத்துத் தலைவன் வரதன் நாலு பேரோடு கையூம் பாயின் கடைக்கு வந்தான். நேராக விஷயத்துக்கு வந்தான். உன் மகள் எங்கள் வீட்டு நெருப்பை அவித்தாள். எங்களை வெட்டியவனையும் எங்கள் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கிறாள். எங்கள் தலைவலிக்குக் கொடுக்கிற மாத்திரையை அவனுக்கும் கொடுக்கிறாள். நம்ம பாய் வீட்டுப் பெண் என்று பார்த்தால் மானம் மரியாதை தெரியாத பெண்ணாக இருக்கிறாள். நீ போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இல்லையென்றால் எங்கள் மீன் வேறு வியாபாரிக்குப் போகும்.

இவ்வளவு நாளும் மகளைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆனால் இன்னொருவன் வாயிலிருந்து அது வந்ததும் கையூம் பாய் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னா சொன்ன? மரியாதை தெரியாதவளா? வரதா, நான் பெத்த அத்தா. நோம்பு தெறக்குற நேரத்துல கஞ்சி எடுத்துகினு போய் அவ முன்னாடி நின்னேன். என் செம்பையே திருப்பி அனுப்பிட்டா. எனக்கே சாயாதவ உனக்கு சாய்வாளா? எல்லப்பனுக்குத்தான் சாய்வாளா? அப்பிடி ஒருத்திய இந்தக் கரையில நீ பாத்திருக்கியா?"

வரதன் மீனைப் பற்றி மறுபடியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

"மீன யாருக்கு வேணா போடு, போ" என்றார் கையூம் பாய். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். முனிசாமி கஞ்சிச் செம்பைத் தேடினான். ஒன்றும் எடுக்காதே, வெறுங்கையோடு வா என்றார்.

அவர் மணல்வெளிக்கு வந்தபோது கஞ்சி ஊற்றுகிற நேரம். தேறியவர்கள் வரிசையாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வரதனும் அவன் ஆட்களும் அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கப் பின்னாலேயே வந்து நின்றார்கள். ஷஹர்பானு கையில் அகப்பையோடு நிமிர்ந்தாள்.

"நோம்பாளி ஒருத்தன் வந்துகீறேன்" என்றார் கையூம் பாய், அவளைப் பார்க்காமல் பானையைப் பார்த்து. "இங்க கஞ்சி கெடைக்குமா? இல்ல, வாங்குறதுக்கும் கட்டா?"

"வாங்கத்தான் எங்களுக்குக் கட்டு அத்தா. குடுக்குறதுக்குக் கட்டு இல்ல. கை கழுவிட்டு வரிசையில உக்காருங்க."

அவர் கை கழுவினார். வரிசையில் இடம் இருந்தது ஒரே ஒரு பக்கம்தான். போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாங்கு கேட்டதும் எல்லோருக்கும் ஊற்றியது போலவே அவருக்கும் அவள் ஓர் அகப்பை ஊற்றினாள். உப்பும் அரிசியும் தவிர அதில் ஒன்றுமில்லை. பூண்டு இல்லை, சீரகம் இல்லை. அவர் ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

ஷஹர்பானு அவரைத் தாண்டி அடுத்தவருக்கு ஊற்றிக்கொண்டே போனாள். "எல்லாருக்கும் ஊத்தினதுக்கு அப்பறம் மீந்தா பாக்கலாம் அத்தா" என்றாள்.

கையூம் பாயின் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கிண்ணத்தை நீட்டிய கையை மடக்காமலே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைத் தோளால் இடித்தார்.

"பாத்தியா? பெத்தவனுக்கே கெடையாதாம். என் மக."

சொன்ன பிறகுதான் அது எல்லப்பன் என்று அவருக்குத் தெரிந்தது. எல்லப்பன் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உம் பொண்ணு அப்பிடித்தான் பாய்" என்றான். "என் பொஞ்சாதிக்கும் நேத்து ரெண்டாவது அகப்பை ஊத்தல."